ரோதை ஓடும் வரை

ஜெயலெட்சுமிக்கு ஸ்டோரில் வேலை கிடையாது என்பதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்பட்டன. ஒன்று படிக்கட்டு. மற்றது சாமி.

இலங்கை மலையகத்தில் ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர்கள் குடியிருக்கும் மேல் லயத்தின் ஒரே அறைக் காம்பிராவில் அவள் தாய் இராக்கம்மாவோடு இருந்தாள். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிப்போயிருந்தது. சமதரையில் முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு நடப்பாள். மலைச்சரிவில் நின்று கொழுந்து எடுக்க முடியாது. ஆனால், ஸ்டோர் என்று தோட்டத்தார் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலைக்குள் உட்கார்ந்தே செய்கிற வேலை ஒன்று இருந்தது. காய்ந்த தேயிலையைப் பரப்பி அதில் கிடக்கும் குச்சியைப் பொறுக்க வேண்டும். அதற்குக் கண்ணும் விரலும் போதும். அவளுக்கு இரண்டும் நன்றாகவே இருந்தன.

அந்த வருஷத்தோடு இராக்கம்மாவின் பேரை வேலைப் பதிவிலிருந்து வெட்டப்போவதாகத் தோட்டத்துக் கிளாக்கர் சொல்லிவிட்டார். வயது முடிந்துவிட்டது. தோட்டத்தில் பேர் பதிந்த ஆள் ஒருவராவது இருந்தால்தான் காம்பிரா. இல்லையென்றால் அடுத்த குடும்பத்துக்கு. அது எழுபத்தொன்பதாம் ஆண்டு. தோட்டங்களை அரசாங்கம் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் தொரை போய் உள்நாட்டுத் தொரை வந்திருந்தார். படிக்கட்டு மட்டும் அப்படியே இருந்தது.

ரோட்டிலிருந்து ஸ்டோர் வாசலுக்குச் செங்குத்தான கருங்கல் படி. ஜெயலெட்சுமியால் அதில் ஏறவே முடியாது என்பது பொய். உட்கார்ந்து, கையைப் பின்னால் ஊன்றி, ஒவ்வொரு படியாக உடம்பைத் தூக்கி வைத்து ஏறிவிடுவாள். ஒரு நாள் ஏறியும் காட்டினாள். ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் மேலே நின்று பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தெனமும் இப்படி ஊர்ந்துக்கிட்டு வந்தா பாக்குறவங்க என்ன நெனப்பாங்க? எல்ல டவுன் பக்கமிருந்து வெளிநாட்டுக்காரங்க ஸ்டோர் பாக்க வர்றாங்க, புள்ள."

"படிக்கு மேல ஒரு பலகை போட்டுக் குடுத்தீங்கன்னா நடந்தே வந்துருவா ஐயா" என்றாள் கூட வந்திருந்த இராக்கம்மா.

"பலகைக்கு நான் எங்க போறது?"

படியைத் தாண்டினால் சாமி. வாடிய கொழுந்தைப் போட்டு உருட்டுகிற பெரிய ரோதைகள் சுற்றும் கூடத்தைக் கடந்துதான் குச்சி பொறுக்கும் அறைக்குப் போக வேண்டும். கூடத்தின் மூலையில் ரோதை முனிக்கு ஒரு சூலம் நட்டிருந்தது. இயந்திரத்தில் யாரும் அகப்படாமல் இருக்க முனிக்குச் சேவல் அறுப்பார்கள். ரோதைகளைச் சுற்றவைக்கும் பெல்ட் ஓடும் இடத்தைச் சுற்றி ஒரு கம்பி வேலி போட்டிருந்தால் மனிதர்களும் பிழைப்பார்கள், சேவல்களும் பிழைக்கும். இந்த யோசனை தொரைக்கு வரவில்லை. தொழிலாளருக்கும் வரவில்லை. மேடை போட்டுப் பேசிய சங்கத் தலைவர்களுக்கும் வரவில்லை.

பூசை போடுபவர் ஸ்டோர் கங்காணி ரெங்கசாமி. கெட்ட மனிதர் அல்ல. நல்ல மனதோடுதான் அவளிடம் சொன்னார்.

"முனி கையும் காலும் கேக்குற சாமி, ஆத்தா. நீ ஒரு கால ஏற்கெனவே வேற யாருக்கோ குடுத்துட்ட. ரோதை ஓடுறப்ப நீ அது முன்னால நடந்தா, இவ எனக்குக் குடுக்கலியேன்னு அதுக்குக் கோவம் வரும். வேற ஒருத்தன் காலப் புடிச்சுக்கும்."

"நான் யாருக்கும் குடுக்கல மாமா. சொட்டு மருந்து நம்ம லயத்துப் பக்கம் வரல. காய்ச்சல்தான் வந்துச்சு."

"அதெல்லாம் முனிக்குத் தெரியுமா?"

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் ஸ்டோர்ப் பக்கம் சுத்தியல் சத்தம் கேட்டது. ஜெயலெட்சுமி வாசலில் வந்து பார்த்தாள். தோட்டத்துத் தச்சர்கள் படிக்கட்டின் மேல் நீளநீளமான பலகைகளை அடித்துச் சரிவுபாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வரும் ஜெர்மன்காரம்மா ஒருவர் ஸ்டோரைச் சுற்றிப் பார்க்கப் போகிறாராம். கொழும்பிலிருந்து தொரைக்கு உத்தரவு வந்திருந்தது.

"அம்மா, இங்க வந்து பாரு" என்று தாயைக் கூப்பிட்டாள். "பலகை இருக்கு இவங்ககிட்ட."

மறுநாள் பதுளையிலிருந்து வாடகைக்கு ஓடும் ஹயர் கார் வந்தது. டிரைவர் வாஹித் பின்கதவைத் திறந்து நாற்காலியை விரித்தார். நான்கு ஆண்கள் அந்த அம்மாவைப் பலகை வழியே மேலே தள்ளிப் போனார்கள். மாலை போட்டார்கள். ரெங்கசாமி முனிக்குக் கற்பூரம் காட்டினார். பார்க்க வந்தவர் பார்க்க வேண்டும் என்று தொரை ரோதைகளை நிறுத்தாமல் ஓடவிட்டார். நாற்காலி அவற்றுக்கு முன்னால் நின்றது. பெல்ட் யாரையும் இழுக்கவில்லை.

எல்லோருடைய கண்ணும் நாற்காலி மேல் இருக்கும்போது ஜெயலெட்சுமி பலகையில் கால் வைத்தாள். முழங்காலை அழுத்திக்கொண்டு, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, அந்த வாசலுக்கு நின்றபடியே ஏறிப் போனாள்.

"ஏய் ஜெயா! எங்க வர்ற? எறங்கு!" ரெங்கசாமி கையை நீட்டி மறித்தார்.

அந்த அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டு வந்த வாஹித் நின்றார். "என்ன கங்காணியார், அந்தம்மாவுக்கு ரெண்டு காலும் இல்லங்கிறது உங்க முனிக்குத் தெரியலியா?"

"அவங்க வெள்ளைக்காரங்க தம்பி. முனி அவங்க பக்கம் போகாது."

"வெவரமான முனிதான். பாஸ்போட்டப் பாத்துட்டுத்தான் காலப் புடிக்கும் போல."

ரோதைக்காரர்களில் ஒருவன் சிரித்துவிட்டு உடனே சூலத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். அந்த நேரத்துக்குள் ஜெயலெட்சுமி கூடத்தைக் கடந்துவிட்டாள்.

குச்சி பொறுக்கும் அறையில் ஜெர்மன்காரம்மா திரும்பிப் பார்த்தார். மூச்சு வாங்கி நின்ற பெண்ணையும் அவள் காலையும் கண்டு தொரையிடம் ஏதோ கேட்டார். தொரை சிரித்தபடி இங்கிலீசில் பதில் சொன்னார். வாஹித் அதைக் கேட்டு, அறையே கேட்கும்படி தமிழில் சொன்னார்.

"தங்கச்சி, நீ இங்கதான் வேல செய்றியாம். உன்ன மாதிரி ஆளுங்களத் தோட்டம் நல்லாப் பாத்துக்குதாம். தொரை சொல்றாரு. ஏன் நிக்கிற? உக்காரு!"

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அவள் உட்கார்ந்து குச்சி பொறுக்கத் தொடங்கினாள். அந்த அம்மா படம் பிடித்தார். தன்னைப் போன்றவர்கள் துணிந்து வரலாம் என்று ஊருக்குப் போய்ப் பத்திரிகையில் எழுதுவதாகவும், இந்தப் படத்தைப் போடச் சொல்வதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

கார் திரும்பியதும் தச்சர்கள் ஆணி பிடுங்கும் சத்தம் உள்ளே கேட்டது. ஜெயலெட்சுமி எழுந்திருக்கவில்லை. டீமேக்கர் வந்தார்.

"சரி, கூத்து முடிஞ்சுது. எந்திரி."

"தொரை பொய் சொன்னாருங்களா ஐயா?"

பெண்களின் விரல்கள் நின்றன. டீமேக்கர் நேரே தொரையிடம் போனார். பத்திரிகையில் வரப்போகும் படத்தைத் தொரை மறக்கவில்லை. அவளுடைய பேரைப் பதியச் சொன்னார். காம்பிரா தப்பியது. ஆனால் ரோதைக்காரர்கள் கூடி நின்று, எங்கள் காலுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார்கள். தொரை உடனே பெருந்தன்மையானவர் ஆனார். தொழிலாளரின் நம்பிக்கையில் தாம் தலையிடுவதில்லை என்றார். கம்பி வேலி போடும் செலவைவிட நம்பிக்கையை மதிப்பது எவ்வளவோ சுலபம்.

ரெங்கசாமியே ஒரு வழி சொன்னார். "ரோதை ஓடத் தொடங்கு முன்னுக்கு அவ உள்ள போயிரட்டும். நின்னதுக்கப்புறம் வெளிய வரட்டும். நடுவுல கூடத்துல கால் வைக்கப்படாது."

எல்லோரும் அதை நியாயமென்று ஏற்றுக்கொண்டார்கள். டீமேக்கருக்கும் அது வசதி. வருகிறவர்கள் கண்ணில் அவள் படியேறுவது படாது.

விடியுமுன்பே ரோதை ஓடும். அதற்கு முன் இராக்கம்மா விளக்குப் பிடிக்க, ஜெயலெட்சுமி உட்கார்ந்து உட்கார்ந்து படியேறுவாள். அந்த அறைக்குக் கதவு ஒன்றுதான், அது கூடத்துக்குள் திறப்பது. சன்னலுக்குக் கம்பி வலை. கக்கூஸ் கூடத்துக்கு அப்பால் வெளியே இருந்தது. மற்றப் பெண்கள் நினைத்தபோது எழுந்து போய் வந்தார்கள். அவளுக்கு ரோதை நிற்க வேண்டும்.

ஐப்பசி மழையில் ஸ்டோருக்குக் கொழுந்து வந்து குவிந்தது. ஒரு நாள் ரோதைகள் மத்தியானம் தாண்டியும் நிற்கவில்லை. மற்றவர்கள் வேலை முடிந்து கூடையைக் கவிழ்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிவகாமி, வாளியில் மிஞ்சிய தேத்தண்ணியைக் கோப்பையில் ஊற்றி நீட்டினாள்.

"காலையில இருந்து பச்சத் தண்ணி கூடப் படல ஒன் வாயில. ஒரு மொடக்குக் குடி ஜெயா."

"வேணாங்கா. குடிச்சா எங்க போறது?"

"நான் பிடிச்சுக்கிறேன், வா. கூடத்தக் கடந்து ஓடிப் போயிருவோம்."

ஜெயலெட்சுமி கதவு வழியே பார்த்தாள். ரோதைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவர்களுடைய பயம் பொய்யல்ல. அவள் கால் வைத்து, நாளைக்கோ அடுத்த மாதமோ பெல்ட் யாரையாவது இழுத்தால், தொரையையும் பெல்ட்டையும் யாரும் கேட்கப்போவதில்லை. பேர் வெட்டப்படும். காம்பிராவும் போகும்.

"நீங்க போங்கக்கா. அம்மா படிக்குக் கீழ நிக்கும். இன்னம் ஆகும்னு சொல்லிருங்க."

சிவகாமி கோப்பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். ஜெயலெட்சுமி அதைக் கை எட்டாத தூரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, கீழே சிதறிக் கிடந்த குச்சிகளைப் பொறுக்கினாள்.