பிரீ கியரில் இறங்கிய கரண்டு லோரி

ரிங்லெட் மலைச்சாலையோரத்தில் உட்கார்ந்து, போனில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி நம் குழுவுக்கு இதை எழுதுகிறேன். போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன்.

என் மருமகன் தேயிலைத் தோட்டத்தின் புதுக் கரண்டு லோரியை, பேட்டரியில் ஓடுவதை, ஓட்டுகிறார். வழியில் பேட்டரி தீர்ந்து நின்றால் சாவி வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

இன்று தேயிலை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கினார். நானும் துணைக்குப் போனேன். இறக்கத்தில் பழைய டீசல் லோரி நினைப்பில் சொன்னேன்.

“மாப்ள, கியர எடுத்துட்டு பிரீ கியர்ல விடுங்க. சும்மாவே இறங்கும் லா, பேட்டரி மிஞ்சும்.”

“இது வேற மாதிரி மாமா…” என்று இழுத்தார். மாமனார் பேச்சைத் தட்ட முடியாமல் பிரீ கியர் போட்டுவிட்டார்.

கியரில் இறங்கினால்தான் சக்கரம் சுற்றிப் பேட்டரி ஏறுமாம். அதைத் திரும்பும்போதுதான் சொன்னார். உரமூட்டைகளோடு ஏறிய லோரி பேட்டரி தீர்ந்து இங்கே நின்றுவிட்டது.

லோரியில் நடப்பதெல்லாம் மேனேஜரின் போனில் தெரியுமாம். அவரே உடனே மருமகனைக் கூப்பிட்டார்.

“யாருய்யா பிரீ கியர் போட்டது?”

“நாந்தான் சார்,” என்றார் மருமகன். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதனால் மேனேஜருக்குப் போனில் நானே எழுதினேன். ‘போடச் சொன்னது நான். மருமகன் மேல் தவறில்லை.’ துரைமாருக்கு நான் எழுதிய முதல் வரி இதுதான். அனுப்பியபோது சந்தோஷமாகக்கூட இருந்தது.

அவர் படித்துவிட்டதாக நீலக் கோடுகள் காட்டுகின்றன. பதில் இல்லை. எழுத்துத் தெரியாத காலத்தில் நான் இப்படிப் போனை எடுத்து எடுத்துப் பார்த்ததில்லை.

அவர் எழுதும் வரை நீங்களாவது ஏதாவது எழுதுங்கள்.