நான்கு வாரம் என்று எழுதிய மாதம்

1996 நவம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தேகால் மணி. வெளியே நசநசவென்று தூறல். ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஆறு அறைகள், இருப்பவர்கள் இரண்டு பேர். மனைவி மூட்டு வலியோடு நான்காவது அறையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இந்த வீட்டை விற்றுவிட்டு, அடுத்த தெருவில் விலைக்கு வந்திருந்த இரண்டு அறை வீட்டை வாங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அங்கே அடுப்படியில் நின்றபடியே வாசலுக்கு வந்தவரைப் பார்க்கலாம். கூட்டிப் பெருக்கக் கால் மணி நேரம் போதும். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் கணக்குப் பார்த்துவிடலாம் என்றேன். வெளியூரில் இருக்கும் மகன், வீட்டு வரவு செலவு எழுதும் புரோகிராம் ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். மூன்று மாதமாக அதோடு மல்லாடினேன். எப்படி மாற்றிப் போட்டாலும், பெரிய வீட்டிலேயே இருந்தாலும் செலவு போக வருடத்துக்கு இரண்டாயிரம் மிச்சம், விற்கத் தேவையில்லை என்றே திரையில் வந்தது.

"ஏனுங்க, அந்த மிச்சம் எந்த ரூம்புல கெடக்குதுன்னு உங்க பொட்டியக் கேட்டுச் சொல்லுங்க. கூட்டறப்ப எடுத்துக்கறேன்" என்றாள்.

கோபம் வந்தது. மறுபடி முதலிலிருந்து பார்த்தேன்.

பனியன் கம்பெனியில் முப்பது வருடம் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். அங்கே சம்பளம் சனிக்குச் சனி. அதே பழக்கத்தில் வீட்டிலும் பால், மளிகை, தண்ணீர் லாரி எல்லாவற்றுக்கும் சனிக்கிழமைதான் பட்டுவாடா, வாரம் அறுநூற்றைம்பது. புரோகிராம் மாதக் கணக்குக் கேட்டது. மாதம் என்றால் நான்கு சனிக்கிழமை என்று நான்கால் பெருக்கிப் போட்டிருந்தேன். பன்னிரண்டு மாதத்துக்கு நாற்பத்தெட்டு வாரம். மீதி நான்கு வாரம் நாங்கள் பட்டினி போல. திருத்தினேன். மிச்சம் போய் அறுநூறு ரூபாய் துண்டு விழுந்தது.

குடையை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு அறை வீட்டுக்காரரிடம் போனேன்.

"ஆவணியில வந்து பாத்தீங்களே, அப்பவே முடிச்சிருந்தா ரெண்டு லச்சத்து நாப்பதுங்க. இப்ப கம்பெனிக்காரரு ஒருத்தரு ஆளுக தங்கறதுக்கு ரெண்டு அறுவத்தஞ்சுக்குக் கேக்கறாருங்க. நீங்க அதயே குடுத்தாலும் உங்களுக்கே குடுத்தர்றனுங்க."

பேரம் பேசத் தெம்பில்லை. சரி என்றேன்.

வீடு திரும்பிச் சொன்னபோது அவள் துடைப்பத்தோடு ஐந்தாவது அறையில் இருந்தாள். ஆறாவதை அன்று கூட்டவில்லை.

பெரிய வீட்டை விற்று, தையில் குடிபோனோம். வீட்டு விலை, பத்திரச் செலவு, வெள்ளையடித்தது, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரத்து நானூறு ரூபாய்.