ஆறு மணிக்குத்தான் அடிக்கும்

நான் வேலை பார்த்த காலத்தில் உடைத்த பூட்டு ஒன்றே ஒன்று. அதுவும் எங்கள் கம்பெனியே போட்ட பூட்டு. ஸ்கோப் என்றால் என்ன, ரெக்கொயர்மென்ட் என்றால் என்ன என்று புதிதாக சைட்டுக்கு வரும் பிள்ளைகள் கேட்டால், அந்தப் பூட்டின் கதையைத்தான் சொல்கிறேன்.

ஆழ்வார்குறிச்சியில் என் அம்மா பீடி சுற்றினாள், அப்பா கைநாட்டு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் முதல் வகுப்பு. இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு சின்ன எலக்ட்ரிக்கல் கம்பெனியில் சேர்ந்தேன். முதலாளியை அண்ணாச்சி என்போம். அவர் அப்போதுதான் சென்னைக்குப் போய் ஏதோ பயிற்சி வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, ஸ்கோப் என்ற ஒரே சொல்லோடு திரும்பியிருந்தார். டீக்கு வடை உண்டா என்று கேட்டால்கூட ஸ்கோப்பில் இல்லை என்பார்.

1. குழாயடியில் கேட்டது

ராதாபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோர ஊர். மாதா கோயில் மணியைக் கரண்டில் அடிக்க வைக்கும் வேலை எங்களுக்குக் கிடைத்தது. கயிற்றைக் கழற்றிவிட்டு மோட்டாரும் டைமரும் வைக்க வேண்டும். காலை, மதியம், மாலை ஆறு மணி என்று மூன்று வேளையும் தானாக அடிக்கும்.

அளவெடுக்கப் போன அன்று, குழாயடியில் மீன் கழுவிக்கொண்டிருந்த செலின் அக்காவிடம் பேச்சுக் கொடுத்தேன். "மணி எதுக்கெல்லாம் அடிப்பாவ, அக்கா?"

"மூணு நேர செபத்துக்கு அடிப்பாவ. சாவுக்கு அடிப்பாவ. கடல்ல ஆபத்துன்னா நிறுத்தாம அடிப்பாவ. விடிய விடிய கடல்ல கெடந்துட்டு ஆம்பளைய மத்தியானம் தூங்குவாவல்லா? பொண்டாட்டி கூப்பிட்டா எந்திக்க மாட்டாவ. மணி கேட்டா ஓடி வருவாவ."

திருநெல்வேலிக்குத் திரும்பியதும் அண்ணாச்சியிடம் சொன்னேன். நினைத்த நேரத்தில் அடிக்க ஒரு சுவிட்ச் வேண்டும் என்றேன்.

"ஏம்மா, கோயில் கமிட்டி கேட்டது மூணு நேரம். அதான் ஸ்கோப். மீன்காரி சொன்னதெல்லாம் ஸ்கோப்ல வராது."

"நாம எதுவரைக்கும் செய்யணுங்கிறதுதான் ஸ்கோப், அண்ணாச்சி. அந்த ஊருக்கு மணி எதுக்கு வேணுங்கிறது வேற."

"எனக்கே பாடம் நடத்துதியோ? போ, பைய போயி வயரை அள."

2. ரப்பர் ஸ்கோப்

எனக்கு நீளாத ஸ்கோப், கமிட்டித் தலைவர் வாய் திறந்ததும் நீண்டது.

"மேடைக்கு ரெண்டு டியூப்லைட் போட்டுரும், வே."

"போட்டுருவோம்!"

"சாமியார் ரூமுக்கு ஒரு காலிங்பெல்?"

"அதுக்கென்ன!"

பிறகு மாதா சிலை இருக்கும் கெபியைச் சுற்றி சீரியல் லைட். வேலை ஊதிப் பெருத்தது; தேவை ஓரமாகப் பட்டினி கிடந்தது. ஆபத்து மணியைப் பற்றிக் கமிட்டியும் வாய் திறக்கவில்லை. அந்த ஊரில் பிறந்தவர்களுக்கு அது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை. கயிற்றோடு அதுவும் போய்விடும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் டைமரை யாரும் தொடக்கூடாது என்று மணிக்கூண்டுக் கதவுக்கு அண்ணாச்சி ஒரு பூட்டுப் போட்டார். சாவி அவர் இடுப்போடு திருநெல்வேலிக்குப் போனது.

3. பூட்டு

சீரியல் லைட் மாட்ட நான் போயிருந்த ஒரு மத்தியானம். செலின் அக்கா கடற்கரையிலிருந்து ஓடி வந்தாள்.

"வள்ளம் கவுந்துட்டு! என் தம்பியும் அவன் சேக்காளியும் தண்ணியில கெடக்கானுவ! மணிய அடிங்க!"

பல்பு எண்ணிக்கொண்டிருந்த கமிட்டித் தலைவர் மணிக்கூண்டுக்குப் பாய்ந்தார். கதவுக்கு வெளியே கயிறு தொங்கிய இடத்தில் கையை நீட்டி, வெறுங்காற்றைப் பிடித்து இழுத்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மணி எப்பம்மா அடிக்கும்?"

"ஆறு மணிக்குத்தான் அடிக்கும்."

"அண்ணாச்சிக்கு போன் போட்டு சாவிய..."

"சாவி பஸ் ஏறி வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்வே!" என்று செலின் அக்கா கத்தினாள். "ஏ பிள்ளே, நீதான இதைச் செஞ்சே? அடி!"

ஆணி அடிக்க வைத்திருந்த சுத்தியலால் பூட்டை உடைத்தேன். உள்ளே போய், மோட்டாருக்குக் கரண்டு விடும் கான்டாக்டரை ஸ்க்ரூடிரைவரின் மரக்கைப்பிடியால் அழுத்திப் பிடித்தேன். மணி அடித்தது. கையை எடுக்கவில்லை. லுங்கியைக் கட்டிக்கொண்டே ஆட்கள் ஓடி வந்தார்கள். இரண்டு வள்ளங்கள் கடலில் இறங்கின. கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்த இருவரையும் உயிரோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். செலின் அக்கா தம்பியை முதலில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகுதான் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். உயிர் பிழைத்தவர்களைப் பற்றிக் கேட்கவில்லை, பூட்டைப் பார்த்தார்.

"யாரைக் கேட்டு உடைச்சே? வாரண்டி போச்சு, தெரியுமா? நாளையிலருந்து நீ வேலைக்கு வர வேண்டாம்."

"வாரண்டியைக் கடல்ல போட்டா மெதக்குமா, அண்ணாச்சி?" என்றாள் செலின் அக்கா.

கமிட்டித் தலைவர் தொண்டையைச் செருமினார். "அந்தப் பிள்ளை போனா, உம்ம மோட்டாரையும் கழத்தி எடுத்துட்டுப் போவும், வே."

அண்ணாச்சி முகத்தில் உடனே சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு சுவிட்சுதான? ஸ்கோப்ல சேத்துருவோம்!"

அன்றே கதவுக்கு வெளியே, பூட்டில்லாத இடத்தில் சுவிட்ச் வைத்தேன். கயிற்றையும் திரும்பக் கட்டினேன். காற்றடித்தால் அந்த ஊரில் முதலில் போவது கரண்டு. அடுத்த கோயிலுக்குக் கொடுத்த கொட்டேஷனில், "ஆபத்து நேரத்தில் கையாலும் அடிக்கலாம்: எங்கள் கம்பெனியின் சிறப்பு" என்று அண்ணாச்சி கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

ஆகவே பிள்ளைகளே, எதைச் செய்வோம், எதைச் செய்ய மாட்டோம் என்று எல்லை போடுவது ஸ்கோப். அதைக் கமிட்டி அறையில் கேளுங்கள். செய்து முடித்த பொருள் அந்த ஊருக்கு எதற்கெல்லாம் உதவ வேண்டும் என்பது ரெக்கொயர்மென்ட். அதைக் குழாயடியில் கேளுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்று உங்கள் முதலாளி சொன்னால், பையில் சுத்தியல் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.