கேட்டக்காவும் காலியாகக் கிடந்த கீழ்த்தளமும்

"புது வீடுகளுக்குக் குடிவந்தவங்க பிள்ளைகளை இனிமே பள்ளிக்கூடத்துல சேர்க்க மாட்டாங்களாம்."

இதைச் சித்தியிடம் சொன்னவர் பால்காரர். அவருக்கு அவருடைய மச்சினி சொன்னாளாம். மச்சினிக்கு யார் சொன்னது என்று கேட்டதற்கு, "ஊரே சொல்லுது" என்றாராம். சித்தி எனக்குப் போனில் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அந்தப் பள்ளிக்கூடத்து கேட்டுல நிக்கிறதே நான்தான்டா. எனக்குத் தெரியாம ஒரு சட்டமா?"

சித்தப்பா காலமானபின் அவர் பார்த்த காவலாளி வேலையைப் பள்ளியில் சித்திக்கே கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு அவள் 'கேட்டக்கா'. அப்படிக் கூப்பிட்டுத் திரிந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கைபிடித்து அழைத்து வருகிறார்கள். இப்போதும் அவள் கேட்டக்காதான். யார் தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டு வருவார்கள், யாருடைய அப்பா கூட்டிப்போகத் தாமதமாக வருவார், எல்லாம் அவளுக்கு அத்துப்படி.

சந்தைக்குப் பின்னால் ஒழுகும் ஒற்றை அறையில் நெடுங்காலம் இருந்தவளுக்குக் குலுக்கலில் வீடு விழுந்தது. அரசு கட்டிய குறைந்த விலைக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. குடிபோன அன்று சமையலறைக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். "சொந்தக் குழாய்டா" என்றாள். பால்கனியில் ஒரு நாற்காலி போடலாம். அதில் உட்கார்ந்தால் பள்ளியின் கூரை தெரியும்.

எதிர்வீட்டில் சலவை நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் அவளுடைய ஆறு வயது மகளும். உருண்டு திரண்டு இருப்பதால் அந்தக் குட்டிக்குச் சித்தி வைத்த பெயர் பட்டாணி. குடிவந்த மறுநாளே பட்டாணி சித்தி வீட்டு நாற்காலியைத் தனதாக்கிக்கொண்டாள்.

வதந்தி தானாகவே அடங்கியிருக்கும். அதற்குக் கால் முளைக்க வைத்தது சித்திதான். பள்ளி கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். பிள்ளைகள் கையில் ஒட்டிக்கொள்ளுமே என்று கேட்டை இழுத்துச் சாத்திக் கயிற்றால் கட்டிவிட்டு, எல்லாரையும் பின்வாசல் வழியாக விட்டாள். 'பெயின்ட் ஈரம்' என்று ஓர் அட்டை தொங்கவிட்டிருக்கலாம். "அதை யாரு படிக்கப் போறாங்க?" என்று விட்டுவிட்டாள். அடுக்குமாடிப் பால்கனிகளில் நின்றவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, கயிறு போட்டுக் கட்டிய கேட் மட்டும்தான். வதந்தி நிஜம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் கட்டடமே கேட்டுக்கு வந்துவிட்டது. அண்ணன்களின் சட்டையைப் போட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, பள்ளி வயது வராத பிள்ளைகளும் வரிசையில் நின்றன. ஒருவன் பையில் பால்புட்டி இருந்தது. தலைமையாசிரியை இளகிய மனசுக்காரர். அழுத தாய்மார்களைப் பார்த்து எல்லாரையும் சேர்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் ஒன்றாம் வகுப்பு வராந்தாவுக்கும் மாடிப்படிக்கு அடியிலும் வழிந்தது. டீச்சர் கரும்பலகைக்குப் போக வேண்டுமானால் நான்கு பிள்ளைகள் எழுந்து வழிவிட வேண்டும்.

"அக்கா, போதும். இனிமே ஒருத்தரைக்கூட உள்ள விடாதீங்க. இடம் வந்தா பார்க்கலாம்" என்று தலைமையாசிரியை கைகூப்பாத குறையாகச் சொன்னார்.

பட்டாணியின் அம்மாவுக்கு அந்த வாரம் முழுக்கப் பகல் வேலை. லீவு கிடைத்து மகளோடு அவள் வந்து நின்றபோது, இடமில்லை என்று சொல்ல வேண்டியவள் சித்தி.

"மூணு வயசுப் பிள்ளை எல்லாம் உள்ள போயிடுச்சு. எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு எம் பிள்ளைக்கு மட்டும் இடமில்லைங்கிறீங்களே அக்கா" என்றாள் அவள். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றாள் சித்தி.

பட்டாணியைத் தனியாக விட முடியாமல் அவள் அம்மா வேலைக்குக் கூடவே கூட்டிப்போனாள். காலையில் சித்தி கேட்டைத் திறக்கும்போது, பட்டாணி முதுகில் பள்ளிப் பையோடு எதிர்த்திசையில் போவாள். நாள் முழுக்க அழுக்குத் துணி மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பாளாம். சித்தியின் பால்கனி நாற்காலி காலியாகவே கிடந்தது.

"சோறு இறங்கலடா" என்றாள் சித்தி. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடப் போன இடத்தில் அவளுக்குப் பொறி தட்டியது. கார் நிறுத்தக் கட்டிய கீழ்த்தளம். கார் வைத்திருப்பவர் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இல்லை. சில பைக்குகள், ஒரு செத்துப்போன ஃப்ரிட்ஜ், துணிக்கொடிகள். மூன்று பக்கம் சுவர், நல்ல காற்று.

"டீச்சரம்மா, பிள்ளைங்க எங்க வீட்டுல இருந்துதானே வருது? பள்ளிக்கூடம் கொஞ்சம் எங்க வீட்டுப் பக்கம் வரக்கூடாதா?"

தலைமையாசிரியை சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கையில் சாக்பீஸ் தூளோடு அப்படியே பார்க்கக் கிளம்பினார்.

குடியிருப்புக் கூட்டத்தில் இரண்டாம் மாடிக்காரர் கொடி பிடித்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். "நாளைக்கு நான் கார் வாங்கினா எங்க கொண்டுபோய் நிறுத்துறது?"

"முதல்ல வாங்குங்கண்ணே. நிறுத்த என் வீட்டு ஹாலைத் தர்றேன்" என்றாள் சித்தி.

"மூணாவது மாடிக்கு எப்படிம்மா ஏத்துறது?"

"இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவருக்கு இது ஒரு கஷ்டமா?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பட்டாணியின் அம்மா எழுந்துபோய்த் தன் துணிக்கொடியை முதல் ஆளாக அவிழ்த்தாள். செத்த ஃப்ரிட்ஜை வெளியே தள்ளியவர் பஸ்காரர்.

வீட்டுவசதி அலுவலகத்தின் அனுமதி மட்டும் பாக்கி. "ரெண்டு பாஷையில படிச்சியே, ஒரு மனு எழுதிக் கொடு" என்றாள் சித்தி. எழுதி, படித்துக் காட்டினேன். "ஏன்டா இத்தனை 'தாழ்மையுடன்'? ஒண்ணு போதும்" என்று மீதியை வெட்டச் சொன்னாள். கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, அந்த ஒரு 'தாழ்மையுடன்' போதுமா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன்.

இன்று அதிகாரி வந்து பார்க்கிறார். சரி என்றால் ஒன்றாம் வகுப்பு கீழ்த்தளத்துக்கு மாறும். முதல் இடம் பட்டாணிக்கு என்று தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருக்கிறார். முடியாது என்றால் அவளுக்குத் துணி மூட்டைதான். நேற்றுப் பேசும்போது சித்தி கீழ்த்தளச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். இந்த முறை 'ஈரம்' என்று அட்டையும் மாட்டிவிட்டாளாம்.

வேலை இடைவேளையில் போனைப் பார்த்தால் சித்தி அனுப்பிய ஒரு படம் வந்திருந்தது. பாதியை அவள் விரல் மறைத்திருந்தது. மீதியில் ஒருவர், அதிகாரியாகத்தான் இருக்க வேண்டும், குனிந்து டேப்பால் தரையை அளந்துகொண்டிருந்தார். டேப்பின் மறுமுனையை, முதுகில் பள்ளிப் பையோடு, நாக்கைத் துருத்திக்கொண்டு பட்டாணி அழுத்திப் பிடித்திருந்தாள்.

படத்தோடு ஒரு சொல்லும் இல்லை. அதிகாரி சரி என்றாரா என்று கேட்க உடனே சித்தியைக் கூப்பிட்டேன். போனைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பவள் அவள். இரண்டாவது மணிக்குள் எடுத்துவிடுவாள்.

மணி அடித்துக்கொண்டே இருக்கிறது.