முந்தலுக்கு மேல் நான் ஓட்டிப் பார்க்காத கார்

1

ஜீனத் டீச்சர் முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது நான் வேறொரு வண்டியின் ரேடியேட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். நல்ல எரிச்சல். பழைய கார் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். ஒரே ஆள் ஓட்டியது, டாக்டர் வீட்டு வண்டி, மலைக்கே போனதில்லை. பிறகு அந்த வண்டி ஒவ்வொரு பாகமாகக் கழன்று என் மேசைக்கு வரும்.

டீச்சருக்குப் போடிமெட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட் பள்ளியில் வேலை. தினமும் காரில் மலை ஏறி இறங்குவார். பதினான்கு வருடம் ஓடிய பெட்ரோல் கார்.

“அண்ணே, எறங்கும்போது பிரேக்கு திடீர்னு பஞ்சு மாதிரி அமுங்குது. அடிவாரத்துல முந்தல் தாண்டிட்டா சரியாயிருது.”

பெடலை மிதித்தேன். கல் மாதிரி நின்றது. ஏற்ற இறக்கமில்லாத தேவாரம் ரோட்டில் ஓட்டி நாலு தடவை பிரேக் அடித்தேன். நான்கு தடவையும் நின்றது. பிரேக் ஆயில் கொஞ்சம் குறைந்திருந்தது. மேலாக ஊற்றி மூடினேன்.

“ஒண்ணுமில்ல டீச்சர். பெட்ரோல் மிச்சம்னு நியூட்ரல்ல எறங்குறீக.”

“இல்லண்ணே, ரெண்டாங் கியர்லதான் வர்றேன்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாக.”

அடுத்த மாதம் மறுபடி வந்தார். இடது முன்சக்கரத்துப் பக்கம் கருகல் வாடை வருகிறது என்றார். நான் சக்கரத்தைக் கழற்றவே இல்லை. கிளட்ச்சில் கால் வைத்தபடி ஓட்டுகிறீர்கள், அதன் வாடைதான் என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாவது தடவை அவர் காரை விட்டு இறங்கவில்லை. “நீங்களே ஒருக்கா ஏறி வாங்கண்ணே. மெட்டு வரைக்கும் போயிட்டு வெரசா வந்துருவோம்.”

எனக்கு நான்கு வண்டி காத்திருந்தது. அதைச் சொல்லியிருந்தால் போதும். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டு, “வண்டி நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஓட்டுற ஆளத்தான் சர்வீசுக்கு விடணும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் காரைப் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கியர் மாற்றும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அவ்வளவு நன்றாக ஓட்டுவார்.

2

பத்து நாள் கழித்து, மலை இறக்கத்தில் பெடல் தரைவரை போய்விட்டது. ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார், நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் பாறையில் கொண்டுபோய் மோதினார். வலது முழங்கால் சில்லு உடைந்தது. பின்னால் எஸ்டேட் ஆட்களை ஏற்றிவந்த ஜீப்பு முத்தையாதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அன்று மாலையே டீச்சரின் கணவர் வந்தார். ஏலக்காய்க் கடை வைத்திருப்பவர். “வண்டில கோளாறா, இல்ல இவ ஓட்டுனதுல கோளாறா? நீங்க சொன்னாத் தெரிஞ்சிரும்.”

“வண்டி நல்லாத்தான் இருந்துச்சு பாய். ஓட்டுனதுலதான்.”

இதைச் சொன்னபோது நான் காரைத் திறந்துகூடப் பார்த்திருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சக்கரத்தைக் கழற்றினேன். சக்கரத்து டிஸ்கைக் கவ்வி நிறுத்தும் இடது முன் காலிப்பரில் பிஸ்டன் இறுகிப்போய், பேட் எப்போதும் டிஸ்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. சூட்டில் டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. ஆயில் கருப்பட்டித் தண்ணீர் மாதிரி இருந்தது. பல வருடம் மாற்றாத பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நீண்ட இறக்கத்தில் சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகும். மிதித்தால் ஆவிதான் அமுங்கும், பிரேக் பிடிக்காது. சமவெளிக்கு வந்து ஆறினால் பெடல் மறுபடி கல் மாதிரி நிற்கும். தேய்ந்த இன்ஜின் இரண்டாம் கியரிலும் வண்டியை இழுத்துப் பிடிக்காது, அதனால் பிரேக்குக்கு வேலை இன்னும் கூடும். இதெல்லாம் டிப்ளமோ பரீட்சையில் நான் எழுதி மார்க் வாங்கிய பதில்.

காரைக் கட்டி இழுத்துவந்த முத்தையா எட்டிப் பார்த்தார். “இந்த ஆயில எப்பண்ணே மாத்துனீக?”

“மேலாக்க ஊத்துனேன்.”

“ஊசிப்போன கொழம்புல வெந்நி ஊத்துன மாதிரியா?”

காரைச் சரிசெய்து கொடுத்தேன். பாயிடம் எதுவும் சொல்லவில்லை. அவர் காரை விற்றார், டீச்சரிடம் இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார். கால் தேறியதும் டீச்சர் எஸ்டேட் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு பள்ளிக்குப் போக ஆரம்பித்தார். தினமும் பட்டறையைத் தாண்டித்தான் அந்த ஜீப் போகும். ஒரு வருடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

3

பட்டறைக்கு விடுமுறையான ஒரு ஞாயிறு காலை டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார்.

“டீச்சர், அன்னைக்குத் தப்பு என்னோடது. காலிப்பர் ஜாம், ஆயிலும் கெட்டுப்போயிருந்துச்சு.”

“தெரியும்ணே. மிதிச்சது என் காலுதான?” அவர் பேனாவை மூடவில்லை. “இத எங்கிட்ட எதுக்கு வந்து சொல்றீக? அவுகட்டப் போயிச் சொல்லுங்க.”

கடைக்குப் போனேன். ஏலக்காய் தரம் பிரித்துக்கொண்டு நாலைந்து பேர் இருந்தார்கள். தனியாகப் பேச வேண்டும் என்றேன். “இங்கனயே சொல்லுங்க” என்றார் பாய். சொன்னேன்.

பாய் கையிலிருந்த ஏலக்காயைத் தட்டில் போட்டார். “அவ தலப்பாடா அடிச்சுக்கிட்டா. படிச்ச மெக்கானிக்கு சொல்றாருன்னு உங்க பேச்சத்தான் நம்புனேன்.”

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றுங்கள், மேலாக ஊற்றாதீர்கள். கோளாறு மலையில் வருகிறது என்றால் மலைக்குப் போங்கள். ஓட்டுகிறவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். நான் அதைச் சொல்லாததால்தான் டீச்சர் இன்றும் ஜீப்பில் ஏற, முதலில் இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைக்கிறார்.