இணக்கசபையில் என் வலது கை

முந்தல் கடைகளுக்கு இடியப்பம் கொண்டுபோகும் ஸ்கூட்டியை ஒரு லேண்ட்மாஸ்டர் இடித்தால் முதலில் காகங்களுக்குத்தான் விருந்து. தேங்காய் ஏற்றிய அந்த உழவு இயந்திரம் கைகாட்டாமல் திரும்பியது. நான் தெருவில் கிடந்தேன், இடியப்பம் என்னைச் சுற்றிக் கிடந்தது. வலது தோள் முறிந்துவிட்டது.

ஓட்டி வந்தவர் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவர், வண்டியும் அவருடையதுதான். ஆஸ்பத்திரிக்கு வந்து அழாக்குறையாக நின்றார்.

"அக்கா, இன்சூரன்ஸ் முடிஞ்சு கொஞ்ச நாள்தான். திருவிழா முடியப் போடுவம் எண்டிருந்தன்."

"சொல்லியிருந்தா நானும் திருவிழா முடிய விழுந்திருப்பனே" என்றேன்.

கேட்பதற்குக் காப்புறுதிக் கம்பனி இல்லையென்றால் ஆளைத்தான் பிடிக்க வேண்டும். ஆளோ மருந்துச் செலவைத் தந்ததோடு ஒதுங்கிவிட்டார். நான் இடியப்பம் பிழிந்துதான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. எலும்பு பொருந்திய பிறகும் கை சரிவரவில்லை, இனிப் பிழிவதற்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். அதனால் நட்டஈடு கேட்டு, கோர்ட்டுக்குப் போகாமல் வழக்கைப் பேசித் தீர்க்கும் இணக்கசபைக்குப் போனேன்.

சபை சனிக்கிழமையில் பள்ளிக்கூடத்தில் கூடியது. சின்னப் பிள்ளைகளின் கதிரைகளில் எல்லோரும் குந்தியிருந்தோம். தலைவர் ஓய்வுபெற்ற முஸ்லிம் ஆசிரியர், சிரிக்காத மனிதர். வண்டிக்காரர் வாயே திறக்கவில்லை. பேசுவதற்கென்று தன் மச்சானைக் கூட்டி வந்திருந்தார். மச்சானுக்கு வாய் காது வரை.

"கை நல்லாத்தான் இருக்கு, சேர். மீன் பையோட சந்தையால போறதை நானே கண்டன்."

"அது இடக்கை!" என்று கத்தினேன்.

தலைவர் என்னைப் பார்த்தார். "கோபப்படாதீங்க தங்கச்சி. ஒருக்கா தூக்கிக் காட்டுங்க."

தூக்கினேன், நெஞ்சு மட்டத்தில் நிறுத்திவிட்டேன். உண்மையைச் சொன்னால், வலிக்குப் பயந்து முழுதாக முயலவில்லை. மச்சான் விடுவாரா? "நடிப்பு, சேர். பாருங்க, முகத்தைப் பாருங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நல்ல கை அவருக்குப் பக்கத்தில் இல்லாதது அவருடைய அதிர்ஷ்டம்.

அந்த நேரம் பக்கத்துக் கோயிலில் நண்பகல் செபத்துக்கு மணி அடித்தது. எங்கள் ஊரில் அந்த மணி கேட்டால் மீன் வெட்டுகிறவர்கூடக் கத்தியை வைத்துவிட்டு எழும்புவார். வண்டிக்காரர் எழும்பினார், மச்சான் எழும்பினார், நானும் எழும்பினேன். தலைவர் பேனையை வைத்துவிட்டு மரியாதையாக இருந்தார்.

தோள் முறிந்த நாளிலிருந்து நான் சிலுவை போட்டது இடக்கையால். அன்று இடக்கையில் கைப்பையும் குடையும் இருந்தன. பழக்கத்தில் வலது கை தானாகப் புறப்பட்டது. நெற்றிக்குப் போக வேண்டிய கை நாடிக்குக் கீழே நின்றது. வலியையும் மறந்து உன்னினேன். ஏறவில்லை. கடைசியில் தலையைக் குனிந்து நெற்றியைக் கையிடம் கொண்டுபோனேன்.

செபம் முடிந்தது. தலைவர் வண்டிக்காரரைப் பார்த்து, "இப்ப என்ன சொல்றீங்க மகன்?" என்றார்.

"செபத்தில ஆரும் நடிக்க மாட்டினம், சேர். அக்கா கேட்டதைத் தாறன். மாதா மாதம் தாறன்."

வென்றுவிட்டேன். தலைவர் எழுதத் தொடங்கினார், எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கை சரிவராது என்று ஊரெல்லாம் சண்டை பிடித்தேனே தவிர, எண்ணெய் பூசப் பூச எப்படியும் ஏறிவிடும் என்றுதான் உள்ளுக்குள் இருந்தேன். நான் சொன்னதை அவர்கள் நம்பிய அந்த நேரத்தில்தான் நானும் நம்பினேன்.