சுபநேரத்துக்குக் குறுக்கே நின்றவர்கள்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நாலு நான் பெற்றது, இரண்டு தங்கச்சி விட்டுப்போனது. கடலுக்குப் போன என் மனிசன் திரும்பி வராத பிறகு, உப்புவெளிக்குப் பின்னாலுள்ள களப்பில் இறாலும் மட்டியும் பொறுக்கித்தான் அத்தனை வயிற்றையும் நிரப்பினேன். களப்பைச் சுற்றி நிற்கிற கண்டல் மரங்களின் வேருக்குள்தான் இறால் குஞ்சு வளரும். எங்கள் பெண்கள் இன்றைக்கும் அதை நம்பித்தான் உலை வைக்கிறார்கள்.

அங்கே மரம் வெட்டக்கூடாது, வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் பலகை நட்டிருக்கிறது. ஒரு முதலாளி அதற்குப் பக்கத்திலேயே, அதைவிடப் பெரிதாக, வீட்டுத்திட்டப் பலகை ஒன்றை நட்டார். படத்தில் வரிசையாக மாடி வீடுகள். நடுவில் குளிக்க ஒரு தடாகம். இவ்வளவு தண்ணீருக்குப் பக்கத்தில் இன்னொரு தண்ணீர் எதற்கோ தெரியாது.

அரசாங்கக் கந்தோருக்குப் போய் முறையிட்டோம். “பாப்பம் அம்மா” என்றார்கள். அவர்கள் பார்ப்பதற்குள், ஒருநாள் காலை முதலாளி அத்திவாரக் கல் வைக்க வந்துவிட்டார். மனைவி, ஐயர், பூத்தட்டு, பின்னால் மரம் பிடுங்க பெக்கோ இயந்திரம். நாங்கள் கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை. நான் முன்னால் போனேன். முதலாளியின் மனைவி என் வெறும் நெற்றியைப் பார்த்தா.

“ஐயோ, கல்லு வைக்கேக்க எதிரில ஒரு கைம்பெண். முழிவியளம் சரியில்லையப்பா, கெட்ட சகுனம். அம்மா, குறை நினையாதேங்கோ, கொஞ்சம் அங்கால நில்லுங்கோ.”

எத்தனையோ கலியாண வீடுகளில், ஒருவரும் சொல்லாமலே குசினிப் பக்கம் ஒதுங்கி நின்றவள் நான். அன்றைக்கு ஒதுங்க மனம் வரவில்லை.

“கால் ஏலாது, பிள்ளை” என்று, கல் வைக்க வெட்டியிருந்த குழிக்கு நேரே குந்திவிட்டேன்.

“அப்ப மற்றப் பக்கத்தால வருவம்” என்றார் ஐயர். மற்றப் பக்கத்தில் என் மச்சாள் நின்றா. அவவும் கைம்பெண்தான். கடலும் சண்டையும் எங்கள் பக்கத்தில் அதற்குப் பஞ்சம் வைக்கவில்லை. முதலாளி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தி நின்றாள்.

“எனக்கு இதில எல்லாம் நம்பிக்கை இல்லை” என்றார் முதலாளி. ஆனால் கல்லைத் தொடவில்லை. “பொலிசுக்குச் சொல்லுவன்!”

“சொல்லுங்கோ தம்பி” என்றா மச்சாள். “என்னெண்டு சொல்லுவியள்? கிழவியள் சும்மா நிக்கினம் எண்டோ?”

ஐயர் மணிக்கூட்டைப் பார்த்தார். “நேரம் போட்டுது. இனி ராகுகாலம்.”

முதலாளியின் மனைவி அதற்கு முதலே காருக்குள் ஏறிவிட்டா.

அடுத்த நல்லநாள் அடுத்த மாதம்தான் இருந்தது. அதற்குள் நாங்கள் சுற்றி நின்ற படம் எல்லாருடைய போனிலும் ஓடி, கந்தோர்க்காரருக்கும் நித்திரை கலைந்தது. வந்து பார்த்து வேலையை நிறுத்தினார்கள். ஆனால் முதலாளி தன் பலகையைக் கழற்றவில்லை. கட்டாயம் திரும்பி வருவார். அப்போது நான் இருப்பேனோ தெரியாது. எங்கே போய் நிற்க வேண்டும் என்று எனக்குப் பிறகு நிற்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் இதைச் சொல்லி எழுதுவிக்கிறேன்.

பேத்தி, எழுதினதை ஒருக்கா வாசி, கேப்பம். கைம்பெண் எண்டு நான் சொன்ன இடத்தில வெக்கப்பட்டு வேற சொல்லுப் போட்டிருந்தியெண்டால், அதை வெட்டிப்போட்டு நான் சொன்னபடி எழுது.